மொரீஷியஸில் பணம் கட்ட: ஊர் யூபிஐயா, அட்டையா, ஜூஸா?

வந்த புதிதில் கத்ர் போர்ன் சந்தையில் கீரை வாங்கிவிட்டு நின்றேன். கீரைக்காரர் "ஜூஸ்?" என்றார். வெயிலுக்குக் குடிக்க ஏதோ தருகிறார் என்று நினைத்து வேண்டாம் எனத் தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, தராசுக்குப் பக்கத்தில் அட்டைத் துண்டில் எழுதி வைத்திருந்த எட்டு இலக்கக் கைப்பேசி எண்ணைக் காட்டினார். ஜூஸ் என்பது எம்.சி.பி. (மொரீஷியஸ் கமர்ஷியல் பேங்க்) வங்கியின் கைப்பேசிச் செயலி; கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பலாம். 2013-லிருந்தே இருக்கிறது. ஊரில் "ஜிபே பண்ணிடுங்க" என்கிற மாதிரி இங்கே ஜூஸ்.

இங்கே வங்கிக் கணக்கு கைக்கு வரும் வரை ஊர்க் கணக்கை வைத்துத்தான் ஓட்டினேன். 2024 பிப்ரவரி 12 முதல் யூபிஐ இங்கே செல்லும், ரூபே அட்டையும் செல்லும். ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதுவே போதும். குடியிருக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. இங்கேயும் ரூபாய், அங்கேயும் ரூபாய். ஆனால் இங்கத்து ஒரு ரூபாய், ஊர்க் கணக்கில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. 800 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் அங்கே ஏறக்குறைய 1,500 கழியும். குறுஞ்செய்தி மனைவியின் போனுக்குப் போகும். உடனே அழைப்பு வரும். ரூபே அட்டையை நான் இருமுறைதான் தேய்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

உள்ளூர் வங்கி அட்டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், மருந்துக்கடை எல்லா இடத்திலும் செல்லும். தெருமுனைக் கடையில்தான் சிக்கல். எங்கள் தெருக் கடையில் 200 ரூபாய்க்குக் கீழே என்றால் அட்டையைத் தொடவே மாட்டார்கள். ரொட்டிக்காகப் போய், தேவையில்லாத பிஸ்கட்டோடு திரும்பிய நாட்கள் உண்டு.

சரி, நான் ஜூஸ் பக்கம் சாய்ந்ததற்கு வேகமோ வசதியோ காரணமில்லை. பணம் என்னிடம் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி. அட்டையிலிருந்து பணம் போகும், யாரும் அதில் எனக்குப் போட முடியாது. ஊர் யூபிஐயில் இங்கே கடைக்குத்தான் கட்டலாம், கூட வேலை பார்ப்பவரிடமிருந்து மதியச் சாப்பாட்டுப் பங்கை வாங்க முடியாது. ஜூஸில் கொடுக்கவும் செய்யலாம், வாங்கவும் செய்யலாம். வெளியூரில் கூட்டாகத் தங்கியிருப்பவன் வாழ்க்கையே கொடுக்கல் வாங்கல்தானே? வீட்டு வாடகை நான்கு பங்கு, டாக்சி மூன்று பங்கு. அப்புறம் நாங்கள் எட்டுப் பேர் போடும் சீட்டு.

மாதம் ஆளுக்கு 5,000. முன்பெல்லாம் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் உறையை எடுத்துக்கொண்டு ரோஸ்ஹில் வரை வீடு வீடாக ஏறி இறங்குவார். ஒருவர் வீட்டில் இருக்க மாட்டார், இன்னொருவர் ஏடிஎம்முக்குப் போய் வருகிறேன் என்பார். இப்போது ஏழு பேரும் எடுத்தவர் எண்ணுக்குப் போட்டுவிடுகிறார்கள். யார் போட்டார், என்றைக்குப் போட்டார் என்று போனே சொல்கிறது. "போன மாசமே கொடுத்துட்டேனே அண்ணே" என்ற பேச்சு அடியோடு நின்றது.

ஒருமுறை கடைசி இலக்கத்தை மாற்றி அடித்து 1,200 ரூபாயை யாருக்கோ அனுப்பிவிட்டேன். முழுக்க என் தவறு. அந்த எண்ணுக்கே போன் போட்டு, இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில், தெரிந்த அரைகுறையாக விளக்கினேன். எதிர்முனையில் ஒரு வயதான அம்மா. பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. இப்போது எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கிறேன்.

காசை முழுதாக விட மனம் வரவில்லை. பேருந்துக்கும் தெருவோர டால் பூரிக்கும் சில்லறை வேண்டும். தவிர, இந்த ஊர்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் வந்த புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தமிழர்கள் எதிர்த்ததில், அரசு அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நூறு ரூபாய்த் தாளில் இருப்பவரும் நம்மவர், இங்கத்து அரசியல்வாதியாக இருந்த ரங்கநாதன் சீனிவாசன். தைப்பூசத்தன்று கோயில் உண்டியலுக்கென்று அதில் ஒன்றை மடித்துப் பர்ஸின் உள்ளறையில் வைத்திருக்கிறேன்.