தழும்பா, பச்சையா?

எதிர்வீட்டுத் தம்பி காலேஜ் இரண்டாம் வருடம். போன வாரம் போனில் ஒரு படம் காட்டினான். யாருடைய முதுகிலோ தோலைக் கீறி, ஒரு சொட்டு மை இல்லாமல், தழும்பாலேயே மீன் முள் வரைந்திருந்தார்கள். "டாட்டூ எல்லாருந்தான் போட்றாங்க. இது செமயா இருக்குல்லண்ணே?" என்றான். செமயாகத்தான் இருந்தது. தண்டையார்பேட்டையில் அதைப் போட்டுக்கொண்டு திரிவது வேறு விஷயம்.

டாட்டூ என்பது நம் பாட்டிகளின் பச்சை குத்துதல்தான். மெஷின் மட்டும் புதிது. ஊசி மேல்தோலைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை விடுகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் பக்கத்தில் இருப்பது வாங்கிக்கொள்கிறது. என் ஆயாவின் முன்கையில் குறத்தி குத்திய புள்ளிக்கோலம் இருந்தது. கறுப்பு மை தோலுக்கு அடியில் பச்சையாகத் தெரிந்ததே தவிர, கடைசிவரை புள்ளிகளை எண்ண முடிந்தது. வரைந்தது வரைந்தபடி இருந்தது.

தழும்பு அப்படியில்லை. கத்தியால் கீறலாம், சூடு போடலாம், தோலையே கொஞ்சம் உரிக்கலாம். எப்படிச் செய்தாலும் வரைபவர் பாதி வேலைதான் செய்கிறார். மீதி உங்கள் தோலின் இஷ்டம். கோடு மேடாகுமா, பள்ளமாகுமா, வெளுக்குமா, கறுக்குமா என்பது தெரிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். பொடி எழுத்தெல்லாம் எழுதினால் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடும்.

அப்புறம் கெலாய்டு. புண் ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல், காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்வது. கறுத்த தோலில் இது அதிகம். மார்பு, தோள், காதுமடல் அதற்குப் பிடித்த இடங்கள். எனக்கு 19 வயதில் மார்பில் ஒரே ஒரு பரு வந்தது. இப்போது அங்கே ஒரு புளியங்கொட்டை உட்கார்ந்திருக்கிறது. வெட்டி எடுத்தால் மட்டும் போகாது, முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரலாம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் அமுங்கும். ஊசி போடும்போது உயிர் போகும்.

தழும்பை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு. தெற்கு சூடானில் நுவேர் இனத்தில் சிறுவன் ஆண்மகன் ஆனான் என்பதற்கு நெற்றியில் ஆறு கோடுகள் கீறும் வழக்கம் இருந்தது. பப்புவா நியூகினியில் செபிக் ஆற்றங்கரை ஆண்கள் மார்பிலும் முதுகிலும் முதலைத் தோல் மாதிரி மேடுகள் எழுப்பிக்கொள்கிறார்கள். முதலை விழுங்கி வெளியே அனுப்பியதாகக் கணக்கு. அங்கே அதைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அர்த்தம் தெரியும். நமக்கும் சூட்டு வடு புதிதில்லை: சமாஸ்ரயணம் என்ற தீட்சை செய்துகொள்ளும் வைணவர்கள் வலது தோளில் சக்கரமும் இடது தோளில் சங்கும் காய்ச்சி ஒற்றிக்கொள்கிறார்கள். நெஞ்சில் வாங்கிய புண்ணை விழுப்புண் என்று கொண்டாடிய மொழி நம்முடையது.

ஆனால் வியாசர்பாடிப் பையன் கையில் நீளமாக ஒரு கோடு இருந்தால் யாரும் விழுப்புண் என்று சொல்வதில்லை. ராத்திரி வண்டியை மடக்கும் போலீஸ்காரர் முதலில் கையைத்தான் பார்க்கிறார். "எந்த கேஸ்ல வாங்கினது?" என்பார். இன்டர்வியூவில் கேட்கமாட்டார்கள், மனதுக்குள் எழுதிக்கொள்வார்கள். வடசென்னை என்றாலே வெட்டுக் காயத்தோடு ஆளைக் காட்டிக் காட்டி சினிமா செய்து வைத்த வேலை. அதே முகவரிக்காரன் முன்கையில் 'ஜெய் பீம்', சிலுவை, 'அம்மா' என்று பச்சை இருந்தால் அவர்களே படித்துக்கொள்கிறார்கள். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

டாட்டூவுக்கும் சிக்கல் உண்டு. பழைய ஊசியில் மஞ்சள் காமாலைக் கிருமி வரும், எச்.ஐ.வி. வரும், புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் ரத்த தானம் கிடையாது. ஆறும்வரை காசிமேட்டுப் பக்கம் கடலில் இறங்கக் கூடாது. கெலாய்டு வாகு உள்ளவருக்கு ஊசிக் குத்திலேயே தடிக்கலாம். இருந்தாலும் மனம் மாறினால் வழி இருக்கிறது. லேசரில் பல தடவை உட்கார்ந்து மங்க வைக்கலாம். காசில்லாதவர்கள் மேலேயே இன்னொன்று போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மூன்றெழுத்துப் பெயர் இப்போது சிங்கமாக இருக்கிறது, பிடரி மட்டும் கொஞ்சம் அடர்த்தி. தழும்புக்கு மேல் என்ன போடுவது?

தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சட்டைப் பட்டனைக் கழற்றி என் புளியங்கொட்டையைக் காட்டினேன்.

தொட்டுப் பார்த்தான். "அரிக்குமாண்ணே?"

"மே மாசம் வந்து பாரு."

சரி என்று போனவன், நேற்று எழுத்து மாதிரிகளோடு வந்தான். தமிழில் போடுவதா இங்கிலீஷிலா என்று கேட்கிறான். என்ன பெயர் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறான்.