நமக்கென எழுதுவித்த என்ஜின்எக்ஸ் மொடியூல்: எட்டு மாத அனுபவம்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் இணையவழி வகுப்புகளின் காணொளி இணைப்புகள் வட்ஸ்அப் குழுக்களில் கைமாறத் தொடங்கியபோது, ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களுக்கு மேல் ஓடாதபடி வழங்கியிலேயே தடுக்கும் மொடியூல் ஒன்றை, அதாவது எங்கள் வழங்கியை இயக்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளோடு சேரும் கூடுதல் நிரற்பகுதி ஒன்றை, எழுதித் தரும்படி, கொட்டாஞ்சேனையில் தனியாகத் தொழில் செய்யும் இளம் விருத்தியாளர் ஒருவரைக் கேட்டோம்.

முதற் சந்திப்பிலேயே அவர் வேலையில் பாதியைக் குறைத்துவிட்டார். காணொளி இணைப்பு நாங்கள் கொடுத்ததுதானா என்று காட்டும் கையொப்பத்தையும் அதன் காலாவதியையும் சரிபார்க்க என்ஜின்எக்ஸுடனேயே ‘செக்கியூர் லிங்க்’ என்ற மொடியூல் இருக்கிறது என்றும், "அதுக்கு எனக்குக் காசு தராதீங்க அண்ணா" என்றும் சொன்னார். என்ஜின்எக்ஸுடன் வரும் இன்னொரு மொடியூலான ‘லிமிட் கொன்’ எங்களுக்குப் பொருந்தாது. அது எண்ணுவது வழங்கியோடு திறக்கப்படும் தொடர்புகளையே அன்றிச் சாதனங்களை அல்ல, உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி 2 நெறிமுறையிலோ சமகாலத்தில் வரும் ஒவ்வொரு கோரிக்கையும் தனித் தொடர்பாகவே கணக்கிடப்படும். ஆகவே சாதனங்களை எண்ணும் பகுதிக்கு மட்டும் 1,80,000 ரூபாய் பேசி, மூன்று தவணைகளில் கொடுத்தோம்.

அவர் தந்த முதல் வடிவம் தோல்வி. எங்கள் காணொளி ஆறு வினாடித் துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் மொடியூல் தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்து நின்றது. என்ஜின்எக்ஸில் ஒரே வேர்க்கர் செயல்முறை நூற்றுக்கணக்கான தொடர்புகளை மாறி மாறிக் கவனிக்கிறது என்பதால், அது ஓரிடத்தில் தரித்தால் அதை நம்பியிருக்கும் அத்தனை பேரும் தரிக்க வேண்டியதுதான். ஐந்து பேரோடு சோதித்தபோது தெரியாத இந்தக் கோளாறு, ஞாயிறு இரவு பௌதிகவியல் மீட்டல் வகுப்பில் எல்லோருடைய திரையிலும் தெரிந்தது. மொடியூல் எழுதப்படும் சி நிரல்மொழி நன்றாகத் தெரிந்தவருக்கும் என்ஜின்எக்ஸின் போக்குப் புதிதாக இருக்கலாம் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். அவர் பிழையை ஒப்புக்கொண்டு, மேலதிகக் கட்டணமின்றி, கடைசி 60 வினாடிகளில் தென்பட்ட சாதனங்களின் கணக்கை எல்லா வேர்க்கர்களுக்கும் பொதுவான பகிர்நினைவகத்தில் வைக்கும்படி இரண்டு கிழமைகளில் திருத்தி எழுதினார். அதன் பின் ஒருநாளும் தடங்கல் இல்லை.

என் மனக்குறை வேறொன்று. 2016இல் வந்த 1.9.11 பதிப்பிலிருந்து மொடியூலைத் தனிக் கோப்பாக ஏற்றிக்கொள்ளலாம்; ஆனால் அது எந்தப் பதிப்புக்குத் தொகுக்கப்பட்டதோ (கம்பைல் செய்யப்பட்டதோ) அந்தப் பதிப்போடு மட்டுமே சேரும். இதை அறியாமல் போயா விடுமுறை நாளொன்றில் நான் 1.24இலிருந்து 1.26க்கு மாறினேன், பதிப்புப் பொருந்தவில்லை என்று வழங்கி எழும்ப மறுத்தது. மூல நிரல் என் கையில் இருந்தும், தொகுக்கும் கட்டளைகள் அவருடைய மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. மாலையில் அவர் தொலைபேசியை எடுத்ததும் இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது, அதற்கு முன் மூன்று மணித்தியாலம் வகுப்புகள் முடங்கிக் கிடந்தன. விடுமுறை நாளில் கை வைத்தது என் தவறுதான். எழுத்தில் எச்சரிக்காதது அவருடையது.

அடுத்த வேலையையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன். இம்முறை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன: தொகுக்கும் கட்டளைக்கோப்பு மூல நிரலோடு சேர்த்தே தரப்பட வேண்டும், முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பார்ப்பது போன்ற சுமைச் சோதனையைத் தாண்டிய பின்னரே கடைசித் தவணை.