உச்சிப்புளி பதநீர்க் கடை: புளிக்காத பதநீர்

உச்சிப்புளியில் சாலையோரம் பதநீர் விற்கும் பெரியவரே மரமும் ஏறுகிறார். பாளையில் கட்டும் கலயத்துக்குள் அவர் சுண்ணாம்பு தடவும் பக்குவம் அபாரம். சுண்ணாம்பு குறைந்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று பதநீரைக் கள்ளாக்கிவிடும்; பீர் நொதிப்பதும் இப்படித்தான். கூடினால் நாக்கு காரும். இவரிடம் இரண்டும் இல்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோனா ஏன் நுரைக்குது?" என்று கேட்டேன்.

"வெயில்ல வச்சா அப்படித்தான் தம்பி. வாங்குனதும் குடிச்சிருங்க."

சரியான பதில். சூடு ஏற ஏற நொதித்தல் வேகமாகும். பாட்டிலை இறுக்கி மூடவே கூடாது, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மூடி தெறிக்கும். பிரிட்ஜில் வைத்தாலும் வேகம் குறையுமே தவிர, நிற்காது.

பனையோலைப் பட்டையில், நுங்கு போட்டுத் தருகிறார். அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள்; வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடுகிறது.