பழைய டேட்டாபேஸில் கீ, இண்டெக்ஸ் தேடல்: ஜாங்கோவா, ரெயில்ஸா, எஸ்க்யூஎல்ஆல்கெமியா?

தி. நகரில் தொடங்கி வேளச்சேரி, தாம்பரம் வரை கிளை விட்ட ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். பழைய டெஸ்க்டாப் மென்பொருள் போட்ட போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதன் மேல் வெப் அப்ளிகேஷன் கட்டவேண்டும். அதற்குமுன் அதில் என்ன கீ, என்ன இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அமைப்பு) இருக்கிறது என்று படிக்கவேண்டும். அதற்கு மூன்று கருவிகள்: பைத்தானின் ஜாங்கோ, ரூபியின் ரெயில்ஸ், பைத்தானின் எஸ்க்யூஎல்ஆல்கெமி. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. அடுத்த ஏப்ரலில் மறுபடி 1-லிருந்து தொடங்கலாம். கிளைக்கொரு தனி வரிசையும் உண்டு. அதனால் பில் டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது) மூன்று ஃபீல்டு சேர்ந்தது: கிளை, நிதியாண்டு, பில் எண். இந்த ஒரு டேபிளே மூன்று கருவிகளையும் உரசிப் பார்க்கப் போதும்.

ஜாங்கோவின் இன்ஸ்பெக்ட்டிபி கட்டளை இருக்கும் டேபிள்களைப் படித்து, டேபிளுக்கொரு மாடல் கிளாஸை எழுதியே தந்துவிடும். கூட்டு பிரைமரி கீ 5.2 பதிப்பில்தான் (2025) வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் முதல் ஃபீல்டான கிளையை மட்டும் பிரைமரி கீ ஆக்கிவிட்டு, ஒரு கமெண்ட்டோடு நகர்ந்துவிடும். அந்தக் கமெண்ட்டை யாரும் படிப்பதில்லை. விளைவு: ஒரு பில்லின் தொகையை மட்டும் அப்டேட்_ஃபீல்ட்ஸ் கொடுத்து சேவ் செய்தால், 'கிளை = 1' என்ற நிபந்தனையில் அந்தக் கிளையின் எல்லா பில்லுக்கும் அதே தொகை ஏறிவிடும். 5.2-லும் ஃபாரின்கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும்) ஃபீல்டு கூட்டுக் கீயைச் சுட்டாது. பில் வரிகளுக்கும் பில்லுக்கும் உள்ள உறவைக் கையால்தான் எழுதவேண்டும். சாதாரண இண்டெக்ஸ்கள் வெளியீட்டில் வரவே வராது. 'ரத்தாகாத பில்லுக்கு மட்டும் யூனிக்' போன்ற நிபந்தனையும் காணாமல் போகும். அந்த ஃபீல்டில் யூனிக் என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சரியான பதிவையும் ஃபார்ம் மறுக்கும்.

இண்டெக்ஸ் விஷயத்தில் ரெயில்ஸ்தான் நேர்மை. ஸ்கீமா டம்ப் கட்டளையைக் கொடுத்தால் இண்டெக்ஸ், அதன் நிபந்தனை, வரிசை, ஃபாரின் கீ எல்லாம் ஒரே ஃபைலில் வந்து விழும். டிரிகர் (டேட்டாபேஸ் தானே ஓட்டும் கோடு) வேண்டுமென்றால் எஸ்க்யூஎல் வடிவத்துக்கு மாறவேண்டும். ஆனால் மாடல்களுக்கிடையே உறவைச் சொல்லும் பிலாங்ஸ்_டு, ஹேஸ்_மெனி எதையும் அது எழுதாது. கூட்டுக் கீயை ரெயில்ஸ் மாடல்கள் 7.1 பதிப்பிலிருந்து (2023) ஏற்கின்றன. பில்லிங் டேபிள்களில் ரொக்கமா கார்டா என்று குறிக்க 'டைப்' என்றொரு ஃபீல்டு இருந்தே தீரும். ரெயில்ஸ் அதைக் கிளாஸ் பெயராக எடுத்துக்கொண்டு எர்ரர் அடிக்கும். மாடலில் inheritance_column அமைப்பை நில் (வெற்று) ஆக்கினால் சரியாகும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமியின் இன்ஸ்பெக்டர் கோடு எழுதாது. பிரைமரி கீ, ஃபாரின் கீ, இண்டெக்ஸ் என்று கேட்டதைத் தகவலாகக் கொடுக்கும். கூட்டு ஃபாரின் கீயைத் தடுமாறாமல் படிக்கிறது. டேபிள்களிலிருந்து கிளாஸ்களைத் தானே உருவாக்கும், அதன் மேலிருக்கும் ஆட்டோமேப்பில்தான் வில்லங்கம்: பிரைமரி கீ இல்லாத டேபிளை எர்ரர்கூட இல்லாமல் விட்டுவிடும். பில் வரிகள் டேபிளுக்குக் கீ போடாமல் விட்டிருந்தால், அது அப்ளிகேஷனில் இருக்கவே இருக்காது. அந்த ஒன்றுக்கு மட்டும் கிளாஸ் எழுதி, எது கீ என்று மேப்பரிடம் நாமே சொல்லவேண்டும்.

டேட்டாபேஸ் தன் அமைப்பைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் சொந்தமாகக் குவெரி எழுதுவோருக்கு ஒன்று. போஸ்ட்கிரெஸில் செலக்ட் உரிமை மட்டும் உள்ள யூசருக்கு டேபிள்_கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் வியூ அந்த டேபிள்களைக் காட்டாது. கீயே இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள். இண்டெக்ஸ்கள் அங்கே கிடையவே கிடையாது. போஸ்ட்கிரெஸின் சொந்த டேபிள்களான பிஜி_கன்ஸ்ட்ரெய்ன்ட், பிஜி_இண்டெக்ஸ் இரண்டையும் பாருங்கள்.

என் தேர்வு: படிக்க ரெயில்ஸ் டம்ப் அல்லது இன்ஸ்பெக்டர், கட்ட, 5.2-க்குக் கீழே போகாத ஜாங்கோ. டேட்டாபேஸில் அறிவிக்காத உறவை மூன்றும் கண்டுபிடிக்காது.

ஃபாரின் கீ இருப்பதாலேயே இண்டெக்ஸும் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சின் தானே போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் போடாது. இன்ஸ்பெக்ட்டிபி மாடல்களில் மேனேஜ்டு ஃபால்ஸ் (டேபிளை ஜாங்கோ தொடாது) என்றிருப்பதால் ஜாங்கோவும் போடாது. விடுபட்ட இண்டெக்ஸைத் தீபாவளி நெரிசலில் சாதாரணமாகப் போட்டால், முடியும்வரை அந்த டேபிளில் எழுதமுடியாது, கவுண்ட்டர்கள் நின்றுவிடும். எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்துப் போடுங்கள். அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது. ஜாங்கோ மைக்ரேஷனில் அட்டாமிக்கை ஃபால்ஸ் ஆக்கவேண்டும். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.