கூகுள் ஸ்காலரா, ஷோத்கங்காவா, சொந்த லைப்ரரியா?

பி.எச்டி.க்குப் பதிவு செய்து மூன்று மாதமான தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, எல்லாம் கூகுள்லயே கெடைக்குது. லைப்ரரி கார்டுக்கு எதுக்கு டெபாசிட் கட்டணும்?" அவனுடைய தலைப்பு, ராமநாதபுரம் வட்டாரத்துக் கண்மாய்ப் பாசனம். வாயால் பதில் சொல்வதை விட, அந்தத் தலைப்பையே கூகுள் ஸ்காலர், ஷோத்கங்கா, சொந்த நூலகம் என்று மூன்று இடத்திலும் தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஆங்கிலத்தில் 'டேங்க் இரிகேஷன் தமிழ்நாடு' என்று போட்டால் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. இதன் உண்மையான பலம் தேடல் பெட்டி இல்லை, ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருக்கும் 'சைட்டட் பை'தான். இருபது வருஷத்துக்கு முந்தைய நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதற்குப் பின்னால் அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டே போகலாம். அச்சுப் புத்தகம் பின்னோக்கித்தான் வழிகாட்டும். முன்னோக்கிப் போக இது ஒரு நல்ல வண்டி.

சங்கடம், கட்டுரையைத் திறக்கும்போது ஆரம்பிக்கிறது. சுருக்கம் மட்டும் தெரியும், மீதிக்கு டாலரில் விலை கேட்கும். பக்கத்தில் உள்ள 'ஆல் வெர்ஷன்ஸ்' இணைப்பை அழுத்தினால் சில சமயம் ஆசிரியரே ஏற்றிவைத்த இலவசப் பிரதி அகப்படும். அகப்படாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஜர்னல்களும் நல்ல ஜர்னல்களும் இங்கே ஒரே வரிசையில் நிற்கும். எது எது என்று ஸ்காலர் சொல்லாது.

அடுத்தது ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதி கொண்டுவந்தது. அப்படிச் சேர்ந்தவற்றைக் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் என்ற யு.ஜி.சி. மையம் பராமரிக்கிறது. லாகின் வேண்டாம், காசு வேண்டாம். நம் மண்ணைப் பற்றிய தலைப்பு என்றால் நான் முதலில் போவது இங்கேதான். கண்மாய், மடை, நீர்க்கட்டி, குடிமராமத்து என்று ஊர் ஊராக அலைந்து எழுதியவர்கள் பலர் அதைக் கட்டுரையாக்கி வெளியிடுவதே இல்லை. ஆய்வேட்டோடு சரி.

ஒவ்வொரு இயலும் தனித்தனி பி.டி.எஃப்.ஆக இருப்பதால் எல்லாவற்றையும் இறக்கி அலுத்துப்போக வேண்டாம். பல ஆய்வேடுகளில் கடைசியாக '80' என்ற எண்ணில் 'ரெகமண்டேஷன்' என்றொரு கோப்பு இருக்கும். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் அதிலேயே வந்துவிடும். அதைப் படித்துப் பிடித்திருந்தால் நேரே துணைநூற்பட்டியலுக்குப் போங்கள். ஒருவர் மூன்று நான்கு வருஷம் தேடிச் சேர்த்த பட்டியல் அது. ஆனால் அதிலிருந்து புத்தகப் பெயரை எடுக்கலாம், அவர் சொன்ன கருத்தை மூலத்தைப் பார்க்காமல் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷோத்கங்காவின் பெரிய தொல்லை எழுத்துக்கூட்டல். தமிழில் எழுதிய ஆய்வேடாக இருந்தாலும் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், அதுவும் ஏற்றியவர் இஷ்டப்படி. சிலப்பதிகாரத்தை 'எஸ்'ஸில் தொடங்கியும் பார்க்க வேண்டும், 'சி'யில் தொடங்கியும் பார்க்க வேண்டும், 'சிஎச்'சிலும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பக்கங்களோ பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம், இல்லையென்றால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. தேடினால் அகப்படாது. நான் பதிவு செய்த காலத்தில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "இந்தத் தலைப்பில் யாரும் செய்யவில்லை" என்று சினாப்சிஸில் (ஆய்வுச் சுருக்கத்தில்) எழுதிக் கொடுத்தேன். கமிட்டியில் ஒருவர் கிட்டத்தட்ட அதே தலைப்பில் வந்த ஆய்வேட்டைப் பெயரோடு சொன்னார். அன்றைக்குக் குடித்த டீ இன்னும் கசக்கிறது.

மூன்றாவது, சொந்தப் பல்கலைக்கழக நூலகம். இதில் இரண்டு நூலகம் இருக்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியாதது: சந்தா கட்டிய ஜர்னல்கள். அரசுக் கல்வி நிலையங்களுக்கெல்லாம் சேர்த்து மத்திய அரசே ஜர்னல் சந்தா கட்டும் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசுக் கல்லூரியிலோ படிப்பவர் என்றால், ஸ்காலரில் டாலர் கேட்ட கட்டுரையே இங்கே சும்மா திறக்கலாம். தொடக்கக் கட்டத்தில் தனியார் கல்லூரிகளைச் சேர்க்கவில்லை. கேம்பஸ் நெட்வொர்க்கில் திறந்தது வீட்டில் திறக்கவில்லையா? வெளியிலிருந்து நுழைய இன்ஃபெட் (இன்ஃப்ளிப்நெட் தரும் நுழைவு வசதி) லாகின் உண்டா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் படிப்பை முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று அலமாரி. ஓபேக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியலில்) ஒரு புத்தகத்தைத் தேடி, அது அலமாரியில் இருக்கும் இடத்தைச் சொல்லும் அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு போனால், அதன் இரு பக்கமும் இருப்பவை தேடாமலே கிடைக்கும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811. (கோலன் பகுப்புமுறையை உருவாக்கிய ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகர். இருந்தும் இங்கே பல நூலகங்களில் டூயிதான்.) மின்வடிவம் வருவதற்கு முந்தைய ஆய்வேடுகளும், பைண்ட் செய்த பழைய ஜர்னல்களும் அலமாரியில் மட்டும்தான். பழைய தமிழ் அச்சு நூல் என்றால் தமிழிணைய மின்னூலகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, இல்லையென்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கு பஸ் ஏறுங்கள்.

ஆக, அறிவியல், பொறியியல் ஆட்கள் ஸ்காலரில் தொடங்கி நூலக லாகினில் முடிக்கலாம், ஷோத்கங்கா அவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. தமிழ், வரலாறு, சமூகவியல் ஆட்கள் ஷோத்கங்காவில் தொடங்கி அலமாரிக்கு வந்தே தீர வேண்டும். லைப்ரரி கார்டு இரு தரப்புக்கும் வேண்டும்.

தம்பியை நூலகத்துக்குக் கூட்டிப்போனபோது குறிப்புதவிப் பிரிவில் இருந்த அம்மா அவன் தாளில் எழுதி வைத்திருந்த தேடல் சொற்களைப் பார்த்தார். "ராமநாதபுரம்னு போட்டா பழசு நெறைய விட்டுப்போகும் தம்பி. ராம்நாட்னும் போட்டுப் பாருங்க. கண்மாய்க்கும் இங்கிலீஷ் எழுத்துல கடைசியில 'ஏஐ' ஒரு தடவை, 'ஓஐ' ஒரு தடவை." போட்டான், வந்தது. அதில் இருந்த கண்மாய்க் கணக்கை எல்லாம் அவன் மளமளவென்று நோட்டில் எழுதத் தொடங்கியதும் அவரே தடுத்தார்: "1985 வரைக்கும் ராம்நாட் ஜில்லான்னா சிவகங்கை, விருதுநகர் எல்லாம் சேர்ந்தது. அந்தக் கண்மாய்க் கணக்கை இன்னைக்கு இருக்கிற மாவட்டத்தோட அப்படியே ஒப்பிட்டுடாதீங்க."