பேட்டரி இரண்டாச்சு, கரண்ட் கூடவில்லை

சோலாரை மட்டும் நம்பி ஓடும் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தால், பொருத்துபவர் சொல்லும் முதல் யோசனை, "பக்கத்துல இன்னொரு பேட்டரி போட்டுடலாம், பேக்கப் டபுள்." அப்படிப் போட்டு நாலே மாதத்தில் புதுசும் படுத்துவிட்ட ஒரு வேலையின் விவரம் இது.

ஏற்கெனவே இருந்தது 330 வாட் பேனல் ஒன்று, பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர் (பிடபிள்யூஎம் வகை), மூன்று வருடம் ஓடிய 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி. அதே அளவில் புதிய டியூபுலர் ஒன்றை பேரலலாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) சேர்த்துவிட்டுப் பொருத்துபவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

குறை பேட்டரியின் கொள்ளளவில் இல்லை, அதற்கு வரும் சார்ஜில்தான் இருந்தது. அந்த 72 செல் பேனல் சுமார் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரக்கூடியது. பிடபிள்யூஎம் அதை பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துவிடும், ஆனால் ஆம்பியர் அதிகமாகாது. 13 வோல்ட் × 9 ஆம்பியர், 117 வாட். மீதி 200 வாட்டுக்கு மேல் வீண். ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்கு 45 ஏஎச் ஏறும். வீட்டின் செலவோ தினம் 50. மோட்டார் தொட்டியை நிரப்பவில்லை என்று சொன்னால் இரண்டாவது தொட்டியை விற்ற கதைதான். முதலில் மாற்றியிருக்க வேண்டியது கன்ட்ரோலர்: மீதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி வகையைப் போட்டிருந்தால் அதே பேனலில் 20 ஆம்பியருக்கு மேல் வந்திருக்கும். இரண்டும் சேர்ந்த 300 ஏஎச் டியூபுலருக்கு 30 ஆம்பியர் சார்ஜ் வேண்டும் என்பதால், பேட்டரியைக் கூட்டுவதென்றால் பேனலையும் கூட்டியாக வேண்டும்.

பழைய பேட்டரியை அவர் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை அளக்கும் கருவி; சார்ஜ் குறைந்தால் எண்ணும் குறையும்) போட்டுப் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்ததில் ஐந்து செல் 1.220, ஒரு செல் மட்டும் 1.140. செல்களுக்குள் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதோடு புதுசைக் கோக்கவே கூடாது. லோடு எதுவும் இல்லாத ராத்திரியில் இணைப்புக் கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டினால் புதுசிலிருந்து பழசுக்கு 1.5 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் 15 ஏஎச் காலி, ஒரு பல்புகூட எரியாமல்! அரைகுறை சார்ஜிலேயே கிடந்ததால் புதிய பேட்டரியின் ஆறு செல்லும் 1.180-ஐத் தாண்டவில்லை, தகடுகளில் சல்பேட் படிந்துவிட்டது.

வயரிங்கும் சோம்பேறித்தனம். இன்வெர்ட்டரின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் புதிய பேட்டரியிலேயே மாட்டியிருந்தார். 800 வாட் லோடுக்கு 75 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் பெரும்பங்கு அந்த ஒன்றின் தலையில் விழுந்தது. பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவைக் கடைசிப் பேட்டரியிலும் எடுத்தால்தான் பங்கு ஓரளவு சமமாகும். பேட்டரிக்கு ஒரு ஃபியூஸ் வீதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால் மற்றது நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதற்குள் கொட்டும்.

புகார் சொன்னதும் வந்த அடுத்த யோசனை, லித்தியம் ஒன்றை இதே டெர்மினலில் சேர்ப்பது. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஓய்வில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 13.3 வோல்ட் பக்கம் நிற்கும், லெட் ஆசிட் முழு சார்ஜிலேயே 12.7 தான். லித்தியமே முதலில் வடியும். டியூபுலருக்குத் தேவையான, செல்களைச் சமப்படுத்தும் ஈக்வலைஸ் சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டும்போது லித்தியத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் கட் ஆகிவிடும்.

புதிய பேட்டரியின் 150 ஏஎச் என்பதும் சி20 கணக்கு, அதாவது 20 மணி நேரத்தில் மெதுவாக வடித்தால் கிடைப்பது; சி10 என்றால் 10 மணி நேரத்தில். பில்லில் 'சி10' என்று எழுதி வாங்காவிட்டால் 130-க்குப் பக்கத்தில்தான் கிடைக்கும்.

வாரண்டி? கிராவிட்டி குறைவு, சரியாக சார்ஜ் செய்யவில்லை, உங்கள் தவறு என்று திருப்பிவிட்டார்கள். அந்த சார்ஜிங்கை அமைத்ததும் அதே ஆள்தான். அதனால் பேனல் வாட், கன்ட்ரோலர் வகை, அளந்து பார்த்த சார்ஜிங் ஆம்பியர் மூன்றையும் அவர் கையெழுத்தோடு பில்லிலேயே வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.