கட்டுத்தரையில் சவாரிக் குதிரை: கொங்குத் தோட்டத்தில் வருடக்கணக்கான அனுபவம்

மாடு வளர்த்துப் பழகிய கை குதிரையையும் மாடு மாதிரியே பார்க்கும். நம் பக்கத்துத் தோட்டங்களில் குதிரைக்கு வருகிற கேடு பெரும்பாலும் இதனால்தான். இடத்தில் ஒரு குறையும் இல்லை. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்தில் கொரங்காடும் (வேலியடைத்த மேய்ச்சல் காடு) இட்டேரியும் (இரு பக்கமும் வேலி உள்ள மண்தடம்) இருக்கிற ஊர்கள் சவாரிக்கென்றே அமைந்தவை. செம்மண் தடத்தில் கால் அதிராது. மிரண்டு ஓடினாலும் கிளுவை வேலியில் மோதினால் கீறலோடு போகும். முள்கம்பி என்றால் தசையையே கிழித்துவிடும். குதிரை விடுகிற காட்டில் முள்கம்பியைக் கழற்றிவிடுவதுதான் முதல் வேலை.

தீவனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மாடு இரண்டு வேளை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது, இரைப்பையும் சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு, ஈரம் போகக் காய்ந்த எடைக் கணக்கில், ஒரு நாளைக்கு 7 முதல் 8 கிலோ தீனி. அதை நான்கு வேளையாகப் பிரித்து, பெரிய பங்கை ராத்திரிக்கு வைக்க வேண்டும். சவாரி இருக்கிற நாளில் அரை முதல் ஒரு கிலோ கொள்ளு, ராத்திரி ஊறவைத்து வேகவைத்தது, இரண்டு வேளையாக. கல்லுப்பு 30 கிராம். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது. சித்திரை, வைகாசியில் 40, 50 என்று போகும்.

கொழுக்கட்டைப்புல் காங்கேயம் மாட்டுக்கு அமுதம். குதிரைக்கு அதை மட்டுமே மாதக்கணக்கில் மேயவிடக் கூடாது. அதில் இருக்கிற ஆக்சலேட் என்ற உப்பு, தீனியில் வரும் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கோ-4 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் அப்படித்தான். சத்துக்கென்று தவிட்டைக் கூடச் சேர்த்தால் இன்னும் மோசம், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். முதலில் நடை விறைக்கும், இன்னொரு நாள் வேறு காலை நொண்டும், கடைசியில் மூக்குக்கு இரண்டு பக்கமும் முக எலும்பு புடைக்கும். குதிரை மசால் நாலு பாத்தி போட்டு தினமும் இரண்டு மூன்று கிலோ பச்சையாகக் கலந்து போடுவதும், கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தாது உப்பு சேர்ப்பதும்தான் வழி. பச்சைச் சோளத்தட்டையும் தொடர்ந்து போட வேண்டாம். மூத்திரம் சொட்டி, பின்னங்கால் தள்ளாடத் தொடங்கும். நன்றாகக் காய்ந்த தட்டு பரவாயில்லை. ஆனால் தட்டுப்போரில் மழை இறங்கிப் பூசணம் பிடித்த கட்டு ஒன்றுகூட ஆகாது. தட்டை உதறும்போது வெள்ளைப் புகை கிளம்பினால் அது மாட்டுக்கும் வேண்டாம், எருக்குழிக்குப் போகட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறது. கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்தைக் கலப்பார்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது. மீந்த கோழித்தீவனத்தைக் குதிரைக்குப் போடவே கூடாது. அந்தச் சாக்கில் கொள்ளைக் கொட்டி வைப்பதும் கூடாது.

வயிற்றுவலி வந்தால் குதிரை முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து உருளும், லத்தி போடுவது நின்றுபோகும். தாடையோரம் விரல் வைத்துப் பாருங்கள். நின்ற நிலையில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரி மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குதிரைக்கு வாந்தியும் வராது. எண்ணெய் கொடுக்க வேண்டுமென்றால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் கொடுக்க வேண்டும். சீமைக்கருவேலங்காயை நிறையத் தின்றாலும் குடல் அடைத்துக்கொள்ளும். காய் உதிர்கிற காலத்தில் அந்தப் பக்கம் கட்ட வேண்டாம்.

லாடம் எல்லாக் குதிரைக்கும் வேண்டியதில்லை. இட்டேரியிலும் காட்டிலும் மட்டும் ஓடுகிற குதிரைக்குக் குளம்பைச் சீவி ராவினால் போதும். தார் ரோட்டில் தினமும் போனால் லாடம் கட்டாயம். எப்படியானாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைத் திருத்த வேண்டும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும். காளைக்கு லாடம் அடிக்கிறவர் எல்லோருக்கும் குதிரைக் குளம்பு கைவராது. ஆணி உயிர்ப்பகுதியைத் தொட்டுவிட்டால் ஒன்றிரண்டு நாளில் குளம்பு சுட்டு, கால் ஊன்றாது. தனுர்வாயு (டெட்டனஸ்) குதிரையைப் போல வேறெந்தக் கால்நடையையும் சுலபமாகப் பிடிக்காது, ஆகவே வருடாந்திரத் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டுத்தரைச் சேறுதான் எதிரி. தினமும் நான்கு காலையும் தூக்கி, குளம்பின் நடுவில் முக்கோணமாக இருக்கிற மெத்தைக்கு இரு பக்கத்துப் பள்ளத்தையும் கொக்கியால் சுரண்டுங்கள். கறுப்பாக, அழுகிய நாற்றத்தோடு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. கழுவி, காயவைத்து, அயோடின் விட்டு, முதலில் தரையை உலர்த்த வேண்டும். ஈரத்தில் நிற்கவைத்துக்கொண்டு மருந்து போட்டுப் பயனில்லை. மழை விட்டதும் பெரிய கடிஈ வரும், அதன் வழியாக சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் வரும். காய்ச்சல் விட்டு விட்டு வந்து, கால் வீங்கி, தின்றும் மெலிந்தால் உடனே ரத்தப் பரிசோதனை. ஆடிக்காற்றில் தட்டின் மேல் தண்ணீர் தெளித்துப் போட்டால் தூசி இருமல் வராது.

ஜீனியில் (சேணத்தில்) பார்க்க வேண்டியது ஒன்றே. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் பிடரி முடிகிற மேட்டுக்கும் ஜீனிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சவாரி முடிந்து கழற்றும்போது வேர்வை பரவிய முதுகில் ஒரு இடம் மட்டும் உலர்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது. அந்த இடத்தில் பிறகு வெள்ளை முடி முளைக்கும்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்குகிறவர்கள் அந்த வெள்ளை முடியையும் தேடிப் பாருங்கள். கீழ்த்தாடை முன்பல் ஆறும் நிலைப்பல்லாக மாற ஐந்து வயது ஆகும். அதற்குக் குறைந்ததைப் புதிதாகச் சவாரி பழகுகிறவர் வாங்க வேண்டாம். சந்தைக் கூட்டத்தில் நடக்கவிட்டுப் பார்த்தால் போதாது, கெட்டித் தரையில் துள்ளோட்டம் விட்டு, தலை மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் நொண்டல் இருக்கிறது.